எட்டுச் சட்டி வண்டி

சத்தியமாகச் சொல்கிறேன் தம்பி, நான் இப்போது சொல்லப்போவதில் ஒரே ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் இந்த நிழற்குடை அப்படியே என் தலைமேல் விழட்டும். வாய்க்கு வந்த சத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். மேலே பாருங்கள், கம்பி தெரிகிறது. போன மாதம் ஒரு துண்டு பெயர்ந்து விழுந்து ஒரு வெள்ளாட்டுக்குக் கொம்பு போயிற்று. அப்பேர்ப்பட்ட கூரைக்குக் கீழே உட்கார்ந்து சத்தியம் பண்ணுகிறவன் பொய் சொல்வானா? நீங்கள் மட்டும் கொஞ்சம் அந்த ஓரமாகத் தள்ளி உட்காருங்கள். எதற்கும் இருக்கட்டும்.

அழகுத்தாய் வீடு எது என்றுதானே கேட்டீர்கள்? சொல்கிறேன். வீடு எங்கும் போய்விடாது. டிராக்டரும் எங்கும் போகாது, அது தார்ப்பாயை மூடிக்கொண்டு பத்து மாதமாகத் தூங்குகிறது. எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஃபோனில் டிராக்டர் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்குகிறவர் இந்த ஊருக்கு வேறு எதற்கு வருவார்? வண்டியை விலை பேச நீங்கள் இன்றைக்கு வருகிறீர்கள் என்பது நேற்றே தெரியும். காலை ஏழு மணியிலிருந்து உங்களுக்காகத்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். ஐந்து மணியிலிருந்து என்று சொல்ல வந்தேன். சத்தியம் பண்ணிவிட்டேனே, அதனால் ஏழு.

என் பெயர் வெயிலுமுத்து. அதோ எதிரே தெரிகிற டீக்கடையில் கேட்டால், 'அவரா, அவர் விடுவதெல்லாம் ரீல்' என்பார்கள். அதை நம்பாதீர்கள். பாதியை நம்பாதீர்கள்.

அழகுத்தாய் எனக்குத் தம்பி பெண்டாட்டி முறை வேண்டும். என் சித்தப்பா மகன் கனகவேலின் மனைவி. அவன் லாரியோடு வடக்கே போனால் ஒன்றரை மாதம் கழித்துத்தான் முகம் காட்டுவான். ஆறு ஏக்கர் கரிசலை அவள் ஒருத்திதான் பார்க்கிறாள். நீங்கள் செம்மண்காரர், கரிசலின் குணம் உங்களுக்குத் தெரியாது. மழை பெய்த அன்றைக்கு இறங்கினால் சக்கரத்தை விழுங்கும். பத்து நாள் கழித்து இறங்கினால் பாளம் பாளமாக வெடித்துக்கொண்டு, போடா என்று சொல்லும். நடுவில் நாலைந்து நாள்தான் பதம். அந்த நாலைந்து நாளில் வாடகை டிராக்டர்காரன் ஆண்டவனைவிடப் பெரிய ஆள். போன் போட்டால் எடுக்க மாட்டான். எடுத்தாலும், 'உங்க காட்டுப் பாதை குறுகல்க்கா, என் வண்டி நுழையாது' என்பான்.

அது என்னவோ உண்மைதான். அந்தப் பக்கம் போகிற வண்டிப் பாதையின் இரண்டு புறமும் சீமைக்கருவேலம். பெரிய வண்டி நுழையாது. அந்தப் பாதை வழியாகத்தான் என் நாலு ஏக்கருக்கும் போகவேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன். அது இந்தக் கதைக்கு அவ்வளவு முக்கியம் இல்லை.

அதனால்தான் அவள் இந்தச் சின்ன வண்டியை வாங்கினாள். இருபத்திரண்டு குதிரைச் சக்தி. வாங்கியதோடு நிற்கவில்லை, நாற்பத்திரண்டு வயதில் ஓட்டப் பழகினாள். தம்பி, ஒரே மாதத்தில் டிரெய்லரை மாட்டிப் பின்னோக்கியே அந்தக் கருவேலப் பாதையில் போய்த் திரும்பி வந்தாள். டிரெய்லரைப் பின்னோக்கி எடுக்கிறது லேசான காரியமா? ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினால் அது வலது பக்கம் போகும். இந்த ஊர் ஆண்களிலேயே மூன்று பேருக்குத்தான் அது கைவரும். நான் நாலாவது. சரி, நான் இல்லை.

வண்டி வந்துவிட்டது. மண்ணை வெட்டிப் புரட்டச் சட்டி சட்டியாக இரும்புத் தட்டு கோத்த ஹாரோ வேண்டும் இல்லையா? பருத்திமாரை வெட்டிய காடு, அடிக்கட்டையெல்லாம் அப்படியே இருந்தது. ஒரு நாள் நான் என் வரப்பில் நின்றுகொண்டிருக்கிறேன், அவள் நேரே வந்தாள்.

"மச்சான், உங்களுக்குத்தான் வண்டி சமாச்சாரம் தெரியும். இந்த வண்டிக்கு எத்தனை சட்டி ஹாரோ போடலாம்? கடைக்காரரு எட்டு போதும்ங்கிறாரு."

கவனியுங்கள் தம்பி. கடைக்காரன் எட்டு என்று சொல்லிவிட்டான். சரியாகச் சொல்லிவிட்டான். அவள் என்னிடம் வந்தது, அதற்கு நான் தலையாட்டுவதைப் பார்க்கத்தான்.

நான் சிரித்தேன். "எட்டா? எட்டுச் சட்டியை வச்சுக் கொத்தமல்லிப் பாத்தி வேணா கிளறலாம் தாயி. பன்னெண்டு போடு."

"பன்னெண்டா? வண்டி தாங்குமா மச்சான்? சின்ன வண்டியாச்சே."

"சின்ன வண்டியா? நான் மில்லுக்காரர்ட்ட டிரைவரா இருந்தப்ப, இதைவிடச் சின்ன வண்டியில பதினாறு சட்டியக் கட்டிக் கண்மாய்க்குள்ள உழுதவன். முன் சக்கரம் தூக்கிருச்சு. நான் விடலையே. பின் சக்கரம் ரெண்டுலயே ஓட்டிக் கரையேறி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். ஒரு போலீஸ்காரரு சல்யூட் அடிச்சாரு."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துவிட்டு, "நெசமா பன்னெண்டு தாங்குமா?" என்று மறுபடியும் கேட்டாள். சிரிப்பு வேறு, கேள்வி வேறு என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். "தாங்கும்" என்றேன்.

அந்த மில்லுக்காரர் வண்டி இருக்கிறதே, அது நாற்பத்தைந்து குதிரை. அதில் நான் டிரைவரும் இல்லை. மட்கார்டில் உட்கார்ந்து போனவன். இதை உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன். என் பெண்டாட்டிக்கே தெரியாது.

பிறகு ஏன் பன்னிரண்டு என்று சொன்னேன் என்று கேட்கிறீர்கள். அனுபவம்தான். கரிசல் கெட்டி மண். சட்டி குறைந்தால் மேலே வழுக்கிக்கொண்டு போகும், உள்ளே இறங்காது. இது நியாயமான பேச்சுதானே? கனம் இருந்தால்தான் வெட்டும். அதுவும் அருகம்புல் மண்டிக் கிடந்தால் கனமில்லாத ஹாரோ ஒன்றும் பண்ணமுடியாது. அருகு எங்கே மண்டிக் கிடந்தது என்று கேட்கிறீர்களா? அவள் காட்டில் இல்லை. அவள் காட்டில் வெறும் பருத்திக்கட்டைதான்.

என் காட்டில்.

ஐந்து வருஷமாகத் தரிசு. பெரிய வண்டி நுழையாது. கருவேலப் பாதையில் நுழைகிற வண்டி இந்த ஊரில் அது ஒன்றுதான். அதில் எட்டுச் சட்டியைக் கட்டினால் அவள் காடு உழும், என் காடு உழாது. அதைத்தான் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் வந்தபோது. கேட்டவுடனே என் வாயில் பன்னிரண்டு வந்துவிட்டது. நான் யோசித்துச் சொல்லவில்லை தம்பி. யோசித்திருந்தால் பத்து என்று சொல்லியிருப்பேன்.

ஹாரோ வந்து இறங்கியது. பச்சைப் பெயின்ட், ஒவ்வொரு சட்டியும் சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிதாகப் பளபளவென்று. புரட்டாசி பிறந்து ஒன்பதாம் நாள் மழை. இரண்டு நாள் விட்டுப் பதம் பார்த்தாள், மண்ணைக் கையில் பிடித்து உருட்டினாள், சரி என்றாள். வண்டியில் ஹாரோவை மாட்டி லிஃப்டைத் தூக்கினாள். ஹாரோ மேலே போச்சு. கூடவே வண்டியின் மூக்கும் மேலே போச்சு.

"மச்சான், திருப்புனா திரும்ப மாட்டேங்குது. முன் சக்கரம் தரையில நிக்கவே இல்ல."

அங்கே நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். 'தாயி, தப்பாச் சொல்லிட்டேன், எட்டாக மாத்திட்டு வா' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவளே வழியும் காட்டினாள். "கடைக்காரருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுருவோமா?" என்று ஃபோனைக் கையில் எடுத்துவிட்டாள்.

"நீ போன் போட்டுப் பேசி முடிக்கிற வரைக்கும் ஈரம் காத்துக்கிட்டு நிக்குமா?" என்றேன்.

ஃபோனை இடுப்பில் செருகிவிட்டாள்.

"சின்ன வண்டின்னா மூக்கு தூக்கத்தான் செய்யும். முன்னால பாரம் கட்டணும், அவ்வளவுதான்" என்றேன். அதுவும் முழுப்பொய் இல்லை. கம்பெனிக்காரனே முன்னால் மாட்ட இரும்புப் பாரம் தருவான், உங்களுக்குத் தெரியும். நான் என்ன கட்டச் சொன்னேன் தெரியுமா? ஆட்டுக்கல். இந்த ஊரில் வீட்டுக்கு ஒரு ஆட்டுக்கல் கொல்லையில் கவிழ்ந்து கிடக்கிறது. கிரைண்டர் வந்தபிறகு அதைச் சீண்டுவார் இல்லை. ஏழு ஆட்டுக்கல்லைக் கொண்டுவந்து முன் பம்பரில் சங்கிலி போட்டு, சைக்கிள் ட்யூபால் இறுக்கி... நிழற்குடையைப் பார்க்காதீர்கள். மூன்று. மூன்று ஆட்டுக்கல். டிராக்டர் கல்யாண வீட்டுக்கு இட்லி மாவு ஆட்டப் போகிற மாதிரி இருந்தது. மூக்கு தரையில் உட்கார்ந்தது. அவள் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். விளையாட்டுக்கு இல்லை தம்பி, நிஜமாகவே கும்பிட்டாள்.

பிறகு சொன்னாள்: "முதல்ல உங்க காட்ட ஓட்டிருவோம் மச்சான். நீங்கதான வழி சொன்னீங்க."

வேண்டாம் தாயி, உன் காட்டை முடி என்று நான் சொன்னேனா இல்லையா என்று என்னைக் கேட்காதீர்கள். சொன்னதாக ஒரு ஞாபகம் இருக்கிறது. அந்த ஞாபகத்தை நானே பிறகு செய்துகொண்டேனோ என்று சந்தேகமாகவும் இருக்கிறது.

அரை நாளில் முடிய வேண்டிய நாலு ஏக்கர் இரண்டு நாள் இழுத்தது. சட்டி ஆழமாக இறங்கினால் பின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். கொஞ்சம் தூக்கினால் அருகைச் சீவிக்கொண்டு மேலே போகும். இறக்கி, தூக்கி, இறக்கி, தூக்கி. கரும்புகை. பத்து வரிசைக்கு ஒரு தடவை நிறுத்தி எஞ்சினை ஆறவிடுவாள். முகமெல்லாம் கரிசல் புழுதி, பல்லும் கண்ணும்தான் தெரியும். "மச்சான், வண்டி அழுவுற மாதிரி இருக்கு" என்றாள் ஒரு தடவை. "புது வண்டி, பழகணும்ல" என்றேன். அவள் குனிந்து எஞ்சின் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் உழுத மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து வருஷம் கழித்து என் மண்ணின் உள்பக்கத்தைப் பார்க்கிறேன். நல்ல கருப்பு.

மூன்றாம் நாள் காலை, என் காட்டிலிருந்து அவள் காட்டுக்குப் போகிறாள். நடுவில் ஒரு ஓடை, முழங்கால் ஆழம்தான். ஹாரோவைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். ஏறும்போது மூக்கு ஒரேயடியாக மேலே போனது, ஆட்டுக்கல்லோடு. கரை மேல் வந்ததும் அவ்வளவு பாரத்தோடும் தொம்மென்று கீழே விழுந்தது. முன் அச்சு முறிந்தது. ஸ்டியரிங் தானாகச் சுற்றி அவள் மணிக்கட்டை முறித்தது. அச்சுக்கு ஒன்று, மணிக்கட்டுக்கு ஒன்று என்று சத்தம் இரண்டு தடவை கேட்டதாக ஊரில் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. அவள் ஒரு சத்தமும் போடவில்லை.

டவுனிலிருந்து மெக்கானிக் லூர்து மறுநாள் வந்தான். அவள் கையில் மாவுக்கட்டோடு நிற்கிறாள். ஊர்ச் சனம் பத்துப் பேர். அவன் குனிந்து பார்த்தான், ஆட்டுக்கல்லைக் காலால் தட்டினான், ஹாரோவின் சட்டியை ஒவ்வொன்றாக எண்ணினான்.

"இருபத்திரெண்டு குதிரைக்கு எட்டுச் சட்டி. இந்த மண்ணுல அதையே முக்கித்தான் இழுக்கும். இதோட கனமும் வண்டியோட கனமும் ஒரு கணக்குக்கு வரணும்ல? பன்னெண்டை மாட்டச் சொன்ன புண்ணியவான் யாரு?"

நான் அவனுக்கு ஒரு கை தூரத்தில் நிற்கிறேன். வேலியில் ஒரு ஓணான் இருந்தது. அது தலையை மூன்று தடவை ஆட்டியது. அதை எண்ணினேன் என்றால் நான் எவ்வளவு கவனமாக அதைப் பார்த்திருக்கிறேன் பாருங்கள்.

"நானாத்தான் வாங்குனேண்ணே" என்றாள் அழகுத்தாய்.

என் பக்கம் திரும்பக்கூட இல்லை. திரும்பியிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன்.

சாமான் வர ஒன்பது நாள் ஆனது. மண் வெடித்துவிட்டது. அவளுடைய ஆறு ஏக்கரும் அந்தப் பட்டத்துக்குச் சும்மா கிடந்தது. என் நாலு ஏக்கரில் மக்காச்சோளம் என் தலைக்கு மேலே ஒரு முழம். கதிர் ஒரு பெட்டி அனுப்பினேன். அவள் அதில் பாதியை அவித்து, உப்புப் போட்டு, அதே பெட்டியில் எனக்குத் திருப்பி அனுப்பினாள். அதை எப்படித் தின்ன? இரண்டுதான் தின்றேன். இளசாக இருந்ததால்.

இத்தோடு போயிருந்தால் நான் உங்களுக்காக இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். உழவு தப்பினால் அடுத்த வருஷம் உழலாம். இன்னொன்று இருக்கிறது. கொஞ்சம் பக்கத்தில் வாருங்கள். பரவாயில்லை, கூரை விழாது.

அச்சு முறிந்த மூன்றாம் நாள், அந்த டீக்கடை. கடைக்காரன் கோட்டைச்சாமி டீயை ஆற்றிக்கொண்டே ஆரம்பித்தான். "பொம்பளை கையில வண்டியக் குடுத்தா இப்படித்தான்." நாலு பேர் ஆமாம் போட்டார்கள். பிறகு என்னைப் பார்த்தான். "வெயிலு, நீதான் பக்கத்துல நின்ன. என்னதான்யா நடந்துச்சு? அம்மாம்பெரிய ஹாரோவ மாட்ட யாரு சொன்னா?"

எல்லோரும் என் வாயைப் பார்க்கிறார்கள். தம்பி, அத்தனை பேர் என் வாயைப் பார்த்தால் எனக்கு ஒன்றுதான் தெரியும்.

"என்ன நடந்துச்சா? குதிரையேத்தம்யா!" என்றேன். "ரெண்டு சக்கரமும் ஆகாசத்துல. நம்ம அழகு ஸ்டியரிங்கக் கடிவாளம் மாதிரிப் புடிச்சுக்கிட்டு, ஹை ஹைங்குறா. வண்டி கனைக்குது. ஓடைய ஒரே தாவு. அந்தப் பக்கம் போயி மண்டி போட்டுப் படுத்துருச்சு. இவ இறங்கி, கொள்ளு இருக்கா மச்சான்னு என்னையக் கேக்குறா!"

சிரித்தார்கள் பாருங்கள்! கோட்டைச்சாமி டீயைக் கீழே கொட்டிவிட்டான். ஹாரோவை யார் சொன்னது என்கிற கேள்வியும் அந்த டீயோடு மண்ணில் போய்விட்டது. நாற்பது வருஷத்தில் நான் சொன்ன கதைகளிலேயே அவ்வளவு நன்றாக எடுத்தது வேறு இல்லை. அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் அவளுக்குப் பெயர் வந்துவிட்டது. குதிரைக்காரி.

ரேஷன் கடையில், "குதிரைக்காரி, குதிரைய எங்க கட்டிப் போட்டுட்டு வந்த?" முதல் நாள் அவளும் சேர்ந்து சிரித்தாளாம். நூறுநாள் வேலைக்குப் போன இடத்தில், பஸ்ஸில், கல்யாண வீட்டுப் பந்தியில்கூட. அச்சு சரியாகி வந்தது, கட்டும் பிரித்தாயிற்று. ஒரு நாள் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். நான் என் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் போன ஒருத்தன் நாக்கைச் சொடுக்கிக் குதிரைச் சத்தம் போட்டான். இறங்கிவிட்டாள். தார்ப்பாயை எடுத்துக் கவனமாக நாலு மூலையும் கட்டினாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் ஏறவில்லை. இப்போது மறுபடியும் வாடகை வண்டிக்காரனிடம் சொல்லிவைத்திருக்கிறாள். அவன் பாதை குறுகல் என்கிறான்.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். மூன்று தடவை அவள் வீட்டுக்குப் போனேன், மன்னிப்புக் கேட்க. ஒவ்வொரு தடவையும் மோர் கொடுத்தாள். குடித்தேன். பேச வாயைத் திறந்தால் வேறு ஏதோ வருகிறது. மூன்றாம் தடவை, மலைப்பாம்பை வேட்டி என்று நினைத்து இடுப்பில் கட்டிக்கொண்டு போன கதையைச் சொல்லிவிட்டு வந்தேன். அவள் சிரிக்கவில்லை. "மோர் இன்னுங் கொஞ்சம் ஊத்தவா மச்சான்?" என்றாள்.

போதும். இப்போது வீட்டைச் சொல்கிறேன். நேரே போய்த் தண்ணீர்த்தொட்டியில் இடது கைப்பக்கம் திரும்பினால் நீலக் கதவு. ஆனால் ஒன்று. உங்களிடம் ஐம்பது குதிரை வண்டி வேறு இருக்கிறது என்றீர்களே, அந்த ஹாரோ அதற்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். அதை எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு கீறல் இல்லை, நாலு ஏக்கர்தான் உழுதது, எந்த நாலு ஏக்கர் என்று உங்களுக்குத் தெரியும். சின்ன வண்டியை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதில் கோளாறு ஒன்றும் இல்லை, தங்கமான வண்டி, அதனால்தான் சொல்கிறேன். அவளிடம் சொல்லுங்கள்: 'அம்மா, எட்டுச் சட்டியை மாட்டி நீங்களே ஓட்டுங்க, உங்க கைமேல தப்பு இல்ல.' வெளியூர்க்காரர், இரண்டு வண்டி வைத்திருக்கிறவர் சொன்னால் எடுபடும்.

பிறகு திரும்பி வரும்போது அந்த டீக்கடையில் ஒரு டீ குடியுங்கள். கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்: பன்னிரண்டுச் சட்டியைக் கட்டிக்கொண்டு இரண்டு நாள் அந்த வண்டியைக் கவிழ்க்காமல் ஓட்டினவள் சாதாரண டிரைவர் இல்லை, அதை மாட்டச் சொன்னவன்தான் மடையன் என்று. மடையன் என்றே சொல்லுங்கள். இன்னும் கனமாகச் சொல்ல வந்தாலும் சொல்லுங்கள், நான் வருத்தப்பட மாட்டேன்.

நானும் கூட வரவேண்டுமா? வரலாம்தான். முழங்கால் காலையிலிருந்து பிடித்துக்கொண்டிருக்கிறது. இதோ, மடக்கினால் சொடக்குச் சத்தம் கேட்கும். இப்போது கேட்கவில்லை, சில நேரம் கேட்கும். நீங்கள் போய்ச் சொல்வதுதான் சரி. இன்னும் ஒரு மாதத்தில் மழை விழுந்துவிடும் தம்பி, அதற்குள் அவள் ஏறி உட்காரவேண்டும்.

கோட்டைச்சாமி விடமாட்டான். 'எந்த மடையன் சொன்னான், உங்களுக்கு இதெல்லாம் யார் சொன்னது?' என்று குடைவான். தெரியாது என்று சொல்லிவிடுங்கள். அவளும் கேட்டாலும் கேட்பாள். அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே என்கிறீர்களா? தெரியும். பன்னிரண்டு என்று சொன்னவனை அவளுக்குத் தெரியும். குதிரைக் கதையைக் கட்டினவன் யார் என்பதும் இந்நேரம் காதுக்கு வந்திருக்கும். ஆனால் அதையெல்லாம் நான் ஒரு ஆளிடம் ஒப்புக்கொண்டேன் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. தெரிந்தால், மறுபடி மோர் கொடுக்கும்போது நான் அவள் முகத்தைப் பார்த்தாகவேண்டும்.

அதனால் யாரிடமும் வேண்டாம். என் பெயரை மட்டும் விட்டுவிடுங்கள்.